நான்காம் விதி

மானேஜர் போனுக்குப் பூட்டுப் போட்டிருந்தார்,
டயலின் ஓட்டையில்
சுண்டுவிரல் நகமளவு பூட்டு.
மோடத்துக்கு அது தெரியாது.
டயலைத் தொடாமலே சுற்றும்.

ராயபுரம், கப்பல் சரக்கு ஆபீஸ், இரண்டாம் மாடி.
பதினொன்றுக்கு மேல்
தூத்துக்குடிக்குக் கால் கட்டணம்.
அங்கே மச்சாடோ,
மூடிய ஆபீஸில் லுங்கியோடு.

கம்பெனி விற்ற மென்பொருள் ஒன்று இருக்கத்தான் செய்தது.
அதே கம்பெனி விற்ற பெட்டியோடு மட்டும் பேசும்.
பத்திரிகை வைக்காதவனுக்கு
இலை போடாத வீடு.

அதனால் நாங்களே எழுதினோம்.
முதல் ராத்திரி
இங்கே கூப்பிட்டது, அங்கே எடுத்தது,
மற்றது வாய் திறக்கட்டும் என்று இரண்டும் இருந்ததில்
முப்பத்தெட்டு ரூபாய்க்கு மௌனம்.

அப்புறம்தான் விதிகள்.
கூப்பிட்டவன் முதலில் பேர் சொல்லணும்.
எடுத்தவன் தன் பேர் சொல்லணும்.
துண்டுக்குத் துண்டு எண் போடு,
காணாவிட்டால் திரும்பக் கேள், வெட்கமில்லை,
மழையில் லைன் அறுந்தால்
விட்ட துண்டிலிருந்து தொடங்கு.
நான்காவது: எழுத்துக்கு ஏழு பிட்,
எட்டாவது காவலுக்கு.
ஐந்தாவது: அடுத்தவன் கடிதம் உன் வழியாகப் போனால்
அனுப்பு, படிக்காதே.

ஒரே பக்கம். அதற்கு மேல் வேண்டாம் என்றான் மச்சாடோ,
இரண்டாம் பக்கம் வந்தால்
விளக்கிச் சொல்ல ஒருவன் வருவான்,
பின்னாலேயே பில்லும் வரும்.

ஜெராக்ஸ் ஐம்பது பைசா.
ரிச்சி தெருவில் ஒரு கேபிள் கடையில்
சணலில் கட்டித் தொங்கவிட்டேன்.
யாரும் கிழித்ததாகத் தெரியவில்லை.
ஒருநாள் அதில் வடை மடித்துக் கொடுத்தார்கள்
எனக்கே.

நவம்பர். தரைக்கடியில் கேபிளெல்லாம் தண்ணீரில்.
லாகைத் திறந்தால்
மூன்று ராத்திரியாக ஒரு பேர்
வந்து வந்து போயிருக்கிறது:
மாவுமில்.

மாவுமில் யார்?
நான் யாருக்கும் ப்ரோக்ராம் கொடுக்கவில்லையே.
மச்சாடோவும் இல்லை என்றான்.
ஆனாலும் கூப்பிட்டதும் பேர் சொல்லியிருந்தது,
எண் போட்டிருந்தது,
பதினேழாம் துண்டில் அறுந்து
பதினேழிலிருந்தே தொடர்ந்திருந்தது,
எங்களுடையதைவிடச் சுத்தமாக.

எனக்கும் ஒன்று வைத்திருந்தது,
இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்:
"கொருக்குப்பேட்டை மாவு மில்லில் கணக்கு எழுதுகிறேன்.
உங்கள் தாளை வைத்து பாஸ்கலில் போட்டேன்.
நான்காம் விதி தப்பு.
தூத்துக்குடித் துறைமுகத்தில் இருக்கிற என் அண்ணனுக்கு
தமிழ் ஃபான்ட்டில் 'சாப்பிட்டாயா?' என்று அனுப்பினேன்.
தமிழ் எழுத்தெல்லாம் எட்டாம் பிட்டோடுதான் இருக்கிறது,
நீங்கள் அதை வெட்டுகிறீர்கள்.
போய்ச் சேர்ந்ததில்
கேள்விக்குறி மட்டும் பிழைத்திருக்கிறது.
அமுதவல்லி."

கொஞ்ச நேரம் மோடத்தின் சிவப்பு விளக்கையே
பார்த்துக்கொண்டிருந்தேன்.
பதினோரு ராத்திரி நாங்கள் இருவரும்
இங்கிலீஷில்தான் சோதித்தோம்.
ஹலோ. டெஸ்ட். ஒன் டூ த்ரீ.

பேனாவால் அடித்தேன்.
எட்டும் எழுத்துக்கே.
காவல், துண்டின் கடைசியில் நிற்கட்டும்.
ஓரத்தில் அவள் பேர்.
மறுபடி ஐம்பது பைசா, மறுபடி சணல்.

மறுநாள் மச்சாடோ போனில் கத்தினான்,
"வந்துடுச்சு, சாவன்னா வந்துடுச்சு,
ப்புக்குப் புள்ளி இருக்கு!"
ஐந்தாம் விதியை ஞாபகப்படுத்தினேன்.
அச்சடித்து மடிக்கும்போது கண்ணில் பட்டது என்றான்.

அண்ணன் எழுதிய பதில்
இரவு பதினொன்று நாற்பதுக்கு என் வழியாகப் போனது.
இருநூற்றுப் பன்னிரண்டு பைட்.
சாப்பிட்டேன் என்று சொல்ல அவ்வளவு வேண்டாம்.

நான் படிக்கவில்லை.